காட்டுத்தீயில் குதிரைகளை வெளியேற்றுவது ஏன் இவ்வளவு கடினம்?

2018 நவம்பரில் வூல்ஸி காட்டுத்தீ கலிஃபோர்னியாவின் மாலிபு பகுதிக்குள் இறங்கியபோது எடுத்த சில படங்கள் பலருக்கு நினைவிருக்கும். ஜூமா கடற்கரையில் உயிர்காப்பாளர் மேடையில் லாமா என்னும் ஒட்டக இனத்து விலங்குகளைக் கட்டிவைத்திருந்தார்கள். மணலில் குதிரைகள் நின்றன. பின்னால் வானம் முழுக்கப் புகை. 2025 ஜனவரியில் ஈட்டன் தீ லாஸ் ஏஞ்சலஸ் அருகே உள்ள ஆல்ட்டடீனாவை எரித்த இரவில், தெருவழியே குதிரைகளைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போனவர்களின் காணொளிகள் வந்தன.

இவற்றைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இவ்வளவு நேரம் ஏன் காத்திருந்தார்கள்? வண்டியில் ஏற்ற முடியாவிட்டால் அவிழ்த்து விட்டிருக்கலாமே? இரண்டும் நியாயமான கேள்விகள்தான். பதில் தெரிய வேண்டுமென்றால் தீ எப்படி நகர்கிறது, குதிரை எப்படி யோசிக்கிறது, இரண்டுக்கும் நடுவில் மனிதருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

தீ வரும் வேகம்

காட்டுத்தீ என்றதும் தொலைவில் ஒரு நெருப்புச் சுவர் தெரியும், அது நெருங்கி வர நேரமாகும் என்று நினைத்துக்கொள்கிறோம். பலத்த காற்று வீசும் நாளில் அப்படி நடப்பதில்லை. எரியும் மரப்பட்டைத் துண்டுகளும் கங்குகளும் காற்றில் ஏறி, தீமுனைக்குக் கிலோமீட்டர் கணக்கில் முன்னால் போய் விழுகின்றன. விழுந்த இடத்தில் புதிய தீ பிடிக்கிறது. அதனால் தீ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே நீங்கள் போகவேண்டிய சாலையில் இன்னொரு தீ தொடங்கியிருக்கலாம். சரிவும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். மேல்நோக்கிய சரிவு ஒவ்வொரு 10 பாகைக்கும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்கள் பயன்படுத்தும் கணக்கு.

கலிஃபோர்னியாவில் 2018 நவம்பர் 8 காலை சுமார் ஆறரை மணிக்குத் தொடங்கிய கேம்ப் தீ, இரண்டு மணி நேரத்துக்குள் பாரடைஸ் என்ற ஊருக்குள் நுழைந்துவிட்டது. 85 பேர் இறந்தார்கள். தப்பிப் போக முயன்றவர்களின் கார்களே சாலைகளில் நெரிசலில் சிக்கி நின்றன. இப்படிப்பட்ட சாலையில் குதிரை டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒருவர் எதிர்த்திசையில் திரும்பி வருவதை நினைத்துப் பாருங்கள். பிரச்சினையின் மையம் அங்கேதான் இருக்கிறது.

மூன்று அறிவிப்புகள், மூன்று பொருள்கள்

செய்திகளில் அடிக்கடி வரும் மூன்று சொற்களைப் பலர் ஒன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். கலிஃபோர்னியாவில் அவற்றின் பொருள் இது:

1. சிவப்புக் கொடி எச்சரிக்கை. வானிலைத் துறை தருவது. தீ இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் காற்றும் வறட்சியும் சேர்ந்திருப்பதால், பிடித்தால் வேகமாகப் பரவும் என்று பொருள்.

2. வெளியேற்ற எச்சரிக்கை. தீ பிடித்துவிட்டது, உங்கள் பகுதிக்கு ஆபத்து வரக்கூடும். வெளியேறக் கூடுதல் நேரம் தேவைப்படுபவர்களும், செல்லப்பிராணிகளும் கால்நடைகளும் வைத்திருப்பவர்களும் இப்போதே கிளம்ப வேண்டும் என்று அதன் விளக்கமே சொல்கிறது.

3. வெளியேற்ற உத்தரவு. உயிருக்கு உடனடி ஆபத்து. அனைவரும் வெளியேற வேண்டும். அந்தப் பகுதி சட்டப்படி மூடப்படுகிறது. வெளியே போனவர் திரும்பி உள்ளே வர முடியாது.

இரண்டாவது அறிவிப்பை மறுபடி படியுங்கள். குதிரை வைத்திருப்பவருக்கு எச்சரிக்கைதான் உத்தரவு. மூன்றாவது அறிவிப்பு வரும்போது அவருடைய நேரம் முடிந்துவிட்டது. நடைமுறையில் பெரும்பாலானோர் உத்தரவுக்காகக் காத்திருக்கிறார்கள். எச்சரிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் இன்னும் நேரமிருக்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உத்தரவு சரியான நேரத்தில் வரும் என்பதற்கும் உறுதியில்லை. ஈட்டன் தீ மாலை ஆறே காலுக்குப் பிறகு தொடங்கியது. ஆல்ட்டடீனாவின் மேற்குப் பகுதிக்கு உத்தரவு வந்தபோது அதிகாலை மூன்று மணியைத் தாண்டியிருந்தது.

நடைகளின் கணக்கு

மனிதர்கள் வெளியேறும் நேரம் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தோடு முடிகிறது. காரில் ஏறினால் போதும். குதிரைகளின் நேரத்தைத் தீர்மானிப்பது எத்தனை நடை போகவேண்டும் என்பது.

ஒருவரிடம் ஆறு குதிரைகளும், இரண்டு குதிரை ஏறும் டிரெய்லர் ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் நல்லபடியாக நடந்தால்:

1. டிரெய்லரை வண்டியில் பூட்ட 15 நிமிடம்.
2. இரண்டு குதிரைகளை ஏற்ற 20 நிமிடம்.
3. பாதுகாப்பான இடத்துக்குப் போக 40 நிமிடம்.
4. இறக்கிக் கட்ட 15 நிமிடம்.
5. திரும்பி வர 40 நிமிடம்.

ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மூன்று நடை போனால், கடைசித் திரும்பல் தேவையில்லை என்று கழித்த பிறகும் ஐந்து மணி இருபது நிமிடம் ஆகிறது. பாரடைஸ் மக்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம்கூட இல்லை. இந்தக் கணக்கில் சாலை நெரிசல் இல்லை, டயர் பஞ்சர் இல்லை, ஏற மறுக்கும் குதிரை இல்லை. இரண்டாவது நடைக்குத் திரும்பி வரும்போது காவல்துறை சாலையை மூடியிருந்தால் மீதி நான்கு குதிரைகள் உள்ளேயே நின்றுவிடும்.

எனவே ஒவ்வொரு லாயக்காரரும் தன்னிடம் உள்ள விலங்குகளின் எண்ணிக்கையையும் ஒரே நடையில் ஏற்றக்கூடிய எண்ணிக்கையையும் எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அடைக்க மூன்று வழிகள்தான். சிவப்புக் கொடி எச்சரிக்கை வந்த நாளிலேயே சில குதிரைகளை முன்கூட்டி நகர்த்துவது. டிரெய்லர் உள்ள பிறரோடு முன்பே பேசிவைத்துக்கொள்வது. இரண்டும் முடியாதபோது, இருக்கும் இடத்திலேயே விட்டுச்செல்லத் தகுந்த வெளியைத் தயார்செய்வது. முதல் வழி பலருக்கு வீண் அலைச்சலாகத் தோன்றும். பத்துமுறை நகர்த்தி ஒன்பதுமுறை தீ வராமல் போகலாம். அந்த ஒன்பதும் குதிரைக்கு நல்ல பயிற்சியாகவே அமையும்.

குதிரை ஏன் ஏற மறுக்கிறது?

குதிரை ஓடிப் பிழைக்கும் விலங்கு. ஆபத்து என்று பட்டால் முதலில் ஓடும், பிறகுதான் நின்று பார்க்கும். அடைபட்ட இடத்துக்குள் தானாக நுழைவது அதன் இயல்புக்கு நேர் எதிரானது. அதன் கண் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் பழக நம் கண்ணைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்கிறது. திறந்த வெளியில் நிற்கும் குதிரைக்கு டிரெய்லரின் உட்புறம் ஓர் இருண்ட பொந்தாகத் தெரியும். புகை நாற்றம், கூச்சல், சைரன், பதறும் எஜமானர் எல்லாம் சேர்ந்தால், சாதாரண நாளில் அமைதியாக ஏறும் குதிரைகூட முன்னங்காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். சுமார் 500 கிலோ எடையுள்ள விலங்கை யாரும் தள்ளி ஏற்ற முடியாது.

இதற்கு ஒரே மருந்து முன்பயிற்சி. ஏறப் பழக்குவதில் பலர் செய்யும் தவறு, பட்டப்பகலில், குதிரையும் ஆளும் நிதானமாக இருக்கும்போது மட்டும் பழக்குவது. இரவில் பழக்க வேண்டும். காற்று வீசும்போது பழக்க வேண்டும். எஜமானர் அல்லாத இன்னொருவர் ஏற்றியும் பழக்க வேண்டும், ஏனென்றால் தீ வரும் நேரத்தில் எஜமானர் வேலைக்குப் போயிருக்கலாம். அறிமுகமில்லாத டிரெய்லரிலும் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பது நல்லது. இரவில் ஏற்றும்போது டிரெய்லருக்குள் விளக்கைப் போட்டு வைத்தால் பாதிப் பயம் குறையும். கூட்டத்தில் நிதானமான குதிரையை முதலில் ஏற்றினால் மற்றவை அதைப் பார்த்துப் பின்னால் வரும். ஒரேயொரு குதிரையைத் தனியாகக் கடைசிக்கு விட்டுவைத்தால், துணையைத் தேடி அது வெறிபிடித்தாற்போல் ஆகிவிடும்.

முகத்தில் மாட்டும் ஹால்ட்டர் பட்டை தோலாலோ பருத்தியாலோ இருக்க வேண்டும். நைலான் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஈ மறைக்க முகத்தில் போடும் வலைக்கும், முதுகில் போடும் செயற்கை நூல் போர்வைக்கும் இதே ஆபத்து உண்டு. முதலில் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு குதிரையின் லாய வாசலிலும் ஹால்ட்டரும் கயிறும் தொங்க வேண்டும். பூட்டிய சாமான் அறைக்குள் எங்கோ கிடந்தால், பதற்றத்தில் அதைத் தேடியே பத்து நிமிடம் போய்விடும்.

சான் லூயிஸ் ரே டவுன்ஸ்: ஒரு மதியம்

2017 டிசம்பர் 7 அன்று சான் டியேகோ மாவட்டத்தில் லைலாக் தீ பிடித்தது. வழியில் சான் லூயிஸ் ரே டவுன்ஸ் என்ற பந்தயக் குதிரைப் பயிற்சி மையம் இருந்தது. சுமார் 450 குதிரைகள் அங்கே இருந்தன. காலை பதினொரு மணியளவில் தொடங்கிய தீ, பிற்பகலில் லாயங்களை எட்டிவிட்டது. அத்தனை குதிரைகளையும் ஏற்ற வண்டிகளும் இல்லை, நேரமும் இல்லை. பயிற்சியாளர்களும் பராமரிப்பாளர்களும் எரியும் லாயங்களுக்குள் ஓடி, கதவுகளைத் திறந்து, குதிரைகளை வெளியே விரட்டினார்கள். சிலர் கடுமையான தீக்காயம் பட்டார்கள். 46 குதிரைகள் இறந்தன.

விரட்டாமல் விட்டிருந்தால் இன்னும் பல குதிரைகள் செத்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. அந்த மனிதர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் அவிழ்த்துவிட்டதோடு ஆபத்து முடிந்துவிடவில்லை. நூற்றுக்கணக்கான குதிரைகள் புகைக்குள் எல்லாத் திசையிலும் ஓடின. டெல் மார் பந்தயத் திடல் தன் லாயங்களைத் திறந்துவிட்டது. சுற்றுவட்டாரத்திலிருந்து 800க்கும் மேற்பட்ட குதிரைகள் அங்கே வந்து சேர்ந்தன. எந்தக் குதிரை யாருடையது என்று கண்டுபிடிப்பதே தனி வேலையாகிவிட்டது. அப்போது அமெரிக்கப் பந்தயக் குதிரைகளுக்கு மேலுதட்டின் உட்புறம் ஓர் எண்ணைப் பச்சை குத்தியிருந்தார்கள். அந்த எண்ணைப் பார்க்க, மிரண்டுபோன குதிரையின் வாயைத் திறந்தாக வேண்டியிருந்தது. 2017இல் பிறந்த குட்டிகளிலிருந்து தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் கட்டாயமாக்கப்பட்டிருப்பது இந்த வகையில் பெரிய நிம்மதி.

அப்படியானால் அவிழ்த்துவிடலாமா?

லாயத்தின் கதவைத் திறந்து சாலையில் விரட்டிவிடுவது, வேறு வழியே இல்லாதபோது செய்யும் காரியம். காரணங்கள்:

1. குதிரைக்கு லாயம்தான் வீடு. தீனியும் துணையும் அமைதியும் கிடைத்த இடம் அது. பயந்த குதிரை அங்கேயே திரும்பும், லாயம் எரிந்துகொண்டிருந்தாலும் திரும்பும். எனவே வெளியே கொண்டுவந்தவுடன் லாயத்தின் கதவை மூடிவிட வேண்டும்.

2. புகை மூடிய சாலையில் தீயணைப்பு வண்டிக்கு எதிரே ஒரு குதிரை ஓடிவந்தால் குதிரையும் சாகும், மனிதரும் சாகலாம். சாலையும் அடைபடும்.

3. தீ எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாமல் ஓடும் விலங்கு, வேலியிலோ பள்ளத்திலோ மாட்டிக்கொள்ளும்.

இடத்திலேயே விட்டுச்செல்ல நேர்ந்தால்

ஏற்ற வழியில்லை, சாலையும் மூடிவிட்டது. இந்த நிலையில் குதிரையை லாயத்துக்குள் பூட்டிவிட்டுப் போவதுதான் மிக மோசமான முடிவு. லாயத்தில் காய்ந்த புல்கட்டும் மரத்தூளும் மர உத்தரமும் இருக்கின்றன. ஒரு கங்கு போதும்.

ஆஸ்திரேலியத் தீயணைப்பு, கால்நடைத் துறைகள் தங்கள் அனுபவத்திலிருந்து சொல்வது வேறு. பெரிய, திறந்த, மேய்ந்து மொட்டையான வெளியில் விட்ட குதிரைகள் பெரும்பாலும் தாமாகவே பிழைத்துக்கொள்கின்றன. தீமுனை மெல்லியதாக இருக்கும் இடத்தில் அதைச் சுற்றியோ, சிலசமயம் ஊடே பாய்ந்தோ, ஏற்கெனவே எரிந்து கருத்த தரைக்குப் போய் நின்றுகொள்கின்றன. ஓட இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்த இடம் இப்படி இருக்க வேண்டும்:

1. புல் மிகக் குட்டையாகவோ, மண் தெரியும்படியோ இருக்க வேண்டும். உழுத நிலமும் மணல் பயிற்சித் திடலும் பொருத்தமானவை.

2. மரம், புதர், புல்போர், கட்டடம், மேலே செல்லும் மின்கம்பி எதுவும் அருகில் இருக்கக் கூடாது.

3. உள்வேலிக் கதவுகளை எல்லாம் திறந்துவைத்து, வெளிவேலியை மட்டும் மூட வேண்டும். அப்போதுதான் குதிரை ஓரிடத்தில் மாட்டாமல் நகர முடியும்.

4. பெரிய தொட்டிகளில் நிறையத் தண்ணீர். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, தானியங்கித் தொட்டியும் நிரம்பாது. ஒரு குதிரை ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் குடிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகிவிடும்.

5. உடலில் போர்வை, காலுறை, வலை எதுவும் இருக்கக் கூடாது. ஹால்ட்டரையும் கழற்றிவிடச் சொல்கிறது ஆஸ்திரேலிய அறிவுரை, ஏனென்றால் உலோக வளையங்கள் சூடேறிச் சுடும்.

6. உடலில் தொலைபேசி எண். கால்நடைகளுக்குக் குறி போடும் மெழுகுக்கோலால் விலாவிலோ குளம்பிலோ எழுதலாம். மயிரைக் கத்தரித்து எண்ணாக வெட்டலாம். உங்கள் வீட்டுத் தரைவழித் தொலைபேசி எண்ணை எழுதாதீர்கள், அந்த வீட்டில் அப்போது யாரும் இருக்கப்போவதில்லை.

இதைச் செய்துவிட்டுக் கிளம்புவது மனசுக்கு மிகவும் கடினமானது. கைவிட்டுவிட்டோம் என்ற குற்ற உணர்வில் கடைசிவரை நின்று உயிரைவிட்டவர்கள் உண்டு. வெளியைத் தயார்செய்து விட்டுப்போவது கைவிடுவது ஆகாது. பல நேரங்களில், சாலை நெரிசலில் டிரெய்லருக்குள் கட்டுண்டு நிற்பதைவிடக் குதிரைக்கு அதுவே நல்ல வாய்ப்பு.

மற்ற விலங்குகள்

மாடுகளின் கணக்கு எண்ணிக்கையிலேயே தோற்றுவிடுகிறது. 2024 பிப்ரவரியில் டெக்சஸ் மாநிலத்தில் பரவிய ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ, 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. ஆயிரக்கணக்கான மாடுகள் செத்தன. அவ்வளவு பெரிய மேய்ச்சல் நிலத்தில் வண்டியில் ஏற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலியை வெட்டி வழிவிடுவதும், எரிந்த நிலத்துக்கோ உழுத நிலத்துக்கோ ஓட்டுவதும்தான் வழி.

ஆடுகள் ஒன்றையொன்று பின்தொடரும், அதனால் முன்னாடு ஏறினால் வேலை முடிந்தது. பன்றிக்கு வியர்த்துக் குளிரும் திறன் மிகக் குறைவு. சூட்டில் விரட்டினாலே சுருண்டுவிடும். பலகையை இருபக்கமும் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும். கோழிகளை இருட்டில் பிடிப்பது சுலபம். எல்லாப் பறவைகளுக்கும் புகை மிக விரைவில் கேடு செய்யும். அவற்றின் நுரையீரல் வழியே காற்று ஒரே திசையில் பாய்கிறது. ஆக்சிஜனை நன்றாக எடுத்துக்கொள்ளும் அந்த அமைப்பு நச்சையும் அதேபோல எடுத்துக்கொள்கிறது. கூண்டுப் பறவைகளை எல்லாவற்றுக்கும் முன்னால் நகர்த்துவது நல்லது.

வெளியேறும்போது நம் நேரத்தை அதிகம் பிடித்துக்கொள்ளும் வீட்டு விலங்கு பூனைதான். பதற்றத்தை உணர்ந்ததும் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். எச்சரிக்கை வந்த உடனே, ஒளிய இடமில்லாத சின்ன அறை ஒன்றில், கூடையோடு சேர்த்து அடைத்துவிட வேண்டும்.

நகர்த்தவே முடியாத விலங்குகளும் உண்டு. 2019 டிசம்பர் 31 அன்று ஆஸ்திரேலியாவின் மோகோ விலங்குக்காட்சிச் சாலையைத் தீ நெருங்கியபோது, ஊழியர்கள் அங்கேயே தங்கினார்கள். சிங்கம், புலி போன்றவற்றை அவற்றின் இரவுக் கூடங்களுக்குள் அடைத்தார்கள். சின்னக் குரங்குகளை இயக்குநரின் வீட்டு அறைகளுக்குக் கொண்டுபோனார்கள். சுற்றிலும் தண்ணீர் அடித்து, பற்றிய இடங்களை உடனுக்குடன் அணைத்தார்கள். ஒரு விலங்கும் சாகவில்லை. இதை வைத்து வீட்டில் தங்கலாம் என்று யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது. அவர்கள் முன்பே திட்டம் வகுத்து, புதர்களை அகற்றி, தண்ணீரைத் தயாராக வைத்திருந்தவர்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

2005இல் கத்ரீனா புயலின்போது செல்லப்பிராணிகளை விட்டுவர மறுத்துப் பலர் வீட்டிலேயே தங்கினார்கள். அதன் விளைவாக 2006இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் தங்கள் பேரிடர்த் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளையும், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் விலங்குகளையும் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் கூட்டாட்சிப் பேரிடர் நிர்வாகம் வீட்டுப் பிராணி என்பதற்குத் தரும் வரையறையில் குதிரை இல்லை. பண்ணை விலங்குகளும் இல்லை. பெரிய விலங்குகளுக்கான ஏற்பாடு, அந்தந்த மாவட்டத்தின் முனைப்பையும் தன்னார்வலர்களையும் சார்ந்தே நிற்கிறது. இந்த இடைவெளி நியாயமற்றது என்றே சொல்ல வேண்டும். குதிரையை விட்டுவர மாட்டேன் என்று தங்கிவிடுபவரும், நாயை விட்டுவர மாட்டேன் என்று தங்கிவிடுபவரும் ஒரே ஆபத்தில்தான் இருக்கிறார்கள்.

கலிஃபோர்னியா 2021இல் இரண்டு அடிகள் முன்னே வைத்தது. வணிக ரீதியாகக் கால்நடை வளர்ப்பவர்கள் பயிற்சி பெற்று, மூடிய பகுதிக்குள் சென்று விலங்குகளைக் கவனிக்க அனுமதிச் சீட்டு பெறும் முறை ஒன்று. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் அவசரகாலக் கால்நடை மருத்துவக் குழு மற்றொன்று. வீட்டில் இரண்டு குதிரை வைத்திருப்பவருக்கு அந்த அனுமதிச் சீட்டு பொருந்தாது.

தீ தாண்டிப் போன பிறகு

தப்பி வந்த குதிரை நன்றாக நிற்பதுபோலத் தெரியும். இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் பல சிக்கல்கள் வெளிவரும். புகையை உள்ளிழுத்த குதிரைக்கு நிமோனியா வரலாம். சுடுதரையில் நின்ற குதிரைக்குக் குளம்பும் தோலும் சேரும் விளிம்பில் சூடும் வீக்கமும் தோன்றி, பிறகு குளம்பே கழன்றுவிடும் அளவுக்கும் போகலாம். கண்ணில் கங்கு பட்டிருந்தால் கருவிழியில் புண் இருக்கும். அதனால் முதல் வாரம் முழுக்கத் தினமும் மூச்சு, குளம்பு, கண் மூன்றையும் பார்க்க வேண்டும். மூச்சுக்குழாய் ஆற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள். அதுவரை சவாரியோ பந்தயப் பயிற்சியோ கூடாது. தீனியையும் திடீரென மாற்றக் கூடாது. புகலிடத்தில் கிடைத்த புதிய புல்லை வயிறு நிறையப் போட்டால், தீயில் தப்பிய குதிரை வயிற்றுவலியில் போய்விடும்.

அதே பல்கலைக்கழகத்தினர் 2017 டப்ஸ் தீயிலும் 2018 கேம்ப் தீயிலும் தீக்காயத்தோடு மீட்கப்பட்ட 51 பூனைகளின் இதயத்தைச் சோதித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் இதய, இரத்த ஓட்டப் பாதிப்பு தெரிந்தது. சிலவற்றுக்கு இரத்தக் கட்டி உருவாகியிருந்தது, அல்லது உருவாகும் அறிகுறி இருந்தது. வெளியே தெரியும் தீக்காயம் ஆறிவிட்டது என்பதற்காக மருத்துவரிடம் காட்டாமல் இருந்துவிடக் கூடாது.

வீடு திரும்பும்போது விலங்கை முதலில் இறக்காதீர்கள். தனியாக நடந்து வேலியைப் பாருங்கள். எரிந்த கம்பங்கள் தொட்டால் விழும். ஆணிகளும் அறுந்த மின்கம்பிகளும் சாம்பலுக்குள் மறைந்திருக்கும். வேர்கள் மண்ணுக்கடியில் நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், மேலே காலை வைத்தால் தரை உள்வாங்கும். தொட்டித் தண்ணீரில் சாம்பல் கலந்திருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு டிரெய்லரின் கதவைத் திறக்கலாம்.